ஸ்மூத்தனிங் செய்ய நினைக்கிறீர்களா? முதலில் ஆளைப் பாருங்கள்

என் முடி அடர்த்தியானது, அலை அலையானது. காற்றில் கொஞ்சம் ஈரம் இருந்தால் போதும், நெற்றியோரமும் உச்சியும் எழும்பி நிற்கும். பல வருடங்களாக ஒரே அக்காவிடம்தான் முடி வெட்டிக்கொள்கிறேன். கத்தரி பிடிப்பதில் அவருக்கு இணையாக நான் யாரையும் பார்த்ததில்லை. ஆனால் கெமிக்கல் வேலை எதையும் அவர் தொடுவதில்லை. "அது எனக்குப் பழக்கமில்லம்மா, அதுக்குன்னு இருக்குற நல்ல ஆளாப் பாத்துக்கோ" என்று அவரே சொல்லிவிட்டார். ஆக, மருந்து போட்டு முடியை அடக்கும் ஸ்மூத்தனிங்கைச் செய்யலாமா என்ற கேள்வியோடு யாரிடம் செய்வது என்ற கேள்வியும் சேர்ந்தே வந்தது.

இரண்டையும் அலசிப் பார்த்தபோது, யாரிடம் என்பதற்குத்தான் முதலில் விடை தேட வேண்டும் என்று எனக்குப் பட்டது. எந்த ட்ரீட்மெண்ட், எந்த பிராண்ட் என்று மாதக்கணக்கில் படிக்கிறோம். அதைச் செய்யப்போகும் ஆளை மட்டும் சலூன் வாசலில் இருக்கும் போஸ்டரைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறோம். ஒரே பாட்டில், ஒரே மெஷின் என்றாலும் ஒருவர் கையில் முடி அடங்கி மின்னும், இன்னொருவர் கையில் நுனி பொசுங்கிப்போகும். நான் போன வழியை, படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவற்றோடு சேர்த்துச் சொல்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நேராக வேண்டுமா, அடங்க வேண்டுமா?

ஒரு விடுமுறை நாளில் தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய், சீரம், டிரையர் எதுவும் இல்லாமல் முடியைத் தானாகக் காயவிடுங்கள். காய்ந்ததும் நல்ல வெளிச்சத்தில் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முடியின் அசல் நிலை அதுதான். எந்த ஸ்டைலிஸ்டிடம் போனாலும் இந்தப் படம் கையில் இருக்கட்டும். அந்தப் படத்தைப் பார்த்தபடியே உங்களைத் தொல்லை செய்வது எது என்று யோசியுங்கள். சுருளா? சுருளைச் சுற்றி எழும்பும் பறட்டையா? சிக்கெடுக்க ஆகும் நேரமா?

எனக்கு அலை பிடிக்கும். பறட்டையும், காலையில் அதை அடக்கப் போகும் நேரமும்தான் பிடிக்கவில்லை. "அலை இருக்கட்டும், பறட்டை குறையணும்" என்று ஒரே வரியில் சொல்ல முடிந்த பிறகு எல்லாம் எளிதாகிவிட்டது. கம்பிபோல நேராக வேண்டும் என்பவருக்கும் எனக்கும் வழி வேறு, மருந்து வேறு, அதில் இருக்கும் ஆபத்தும் வேறு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிலருக்குப் பறட்டை வருவது வெறும் வறட்சியால். அவர்களுக்குக் கெமிக்கல் தேவையே இல்லாமல் போகலாம். சில வாரங்களுக்குத் துண்டால் தேய்த்துத் துவட்டுவதை நிறுத்துங்கள். பழைய பருத்தி டி-ஷர்ட்டால் ஒற்றியெடுங்கள். ஒவ்வொரு முறை அலசும்போதும் கண்டிஷனர் போடுங்கள். முடி ஈரமாக இருக்கும்போதே, அலசத் தேவையில்லாத லீவ்-இன் கிரீம் கொஞ்சம் தடவுங்கள். பிளந்த நுனிகளை வெட்டிவிடுங்கள். இதிலேயே திருப்தி வந்துவிட்டால் மீதியைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. எனக்கு இதில் பாதி வழிதான் கிடைத்தது.

பெயரை விடுங்கள், உள்ளே என்ன இருக்கிறது?

ஸ்மூத்தனிங், கெரட்டின், ரீபாண்டிங், போடாக்ஸ், நானோபிளாஸ்டியா, சிஸ்டீன் என்று பட்டியல் நீளும். இந்தப் பெயர்களுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட பொருள் கிடையாது. ஒரு சலூனில் ஸ்மூத்தனிங் என்று சொல்வது இன்னொரு சலூனில் ரீபாண்டிங்காக இருக்கும். முடிக்குப் போடும் போடாக்ஸுக்கும் முகச்சுருக்கத்துக்குப் போடும் ஊசி மருந்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதனால் பெயரைத் தாண்டி, அது முடியில் என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் அடிப்படை தெரிந்தால் நல்லது.

முடி பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதச் சங்கிலிகளைப் பல வகைப் பிணைப்புகள் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. ஹைட்ரஜன் பிணைப்பு தண்ணீர் பட்டால் அவிழும், காய்ந்தால் திரும்பச் சேரும். ஸ்ட்ரெயிட்னரால் இழுத்த முடி ஈரக்காற்று பட்டதும் பழையபடி ஆவது இதனால்தான். கந்தகத்தால் ஆன டைசல்ஃபைடு பிணைப்பு தண்ணீருக்கெல்லாம் அசையாது. நிரந்தரமாக நேராக்க வேண்டும் என்றால் அதை உடைத்தாக வேண்டும்.

ரீபாண்டிங்கில் நடப்பது அதுதான். பெரும்பாலும் அம்மோனியம் தயோகிளைகோலேட் கலந்த காரத்தன்மையுள்ள கிரீமைத் தடவி அந்தப் பிணைப்பை உடைப்பார்கள். அலசிக் காயவைத்து, ஸ்ட்ரெயிட்னரால் நேராக்கி, பிறகு நியூட்ரலைசர் என்ற இரண்டாவது கிரீமால் பிணைப்பைப் புதிய வடிவத்தில் பூட்டுவார்கள். நியூட்ரலைசரில் பொதுவாக ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கும். இப்படி நேரான முடி திரும்பச் சுருளாது. வேரில் புதிதாக வளர்வது மட்டும் பழைய சுருளோடு வரும். வளர்ந்த இடத்தில் ஒரு கோடு தெரியும். அதற்குத் தயாராக இருப்பவர்கள்தான் இதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

கெரட்டின் ட்ரீட்மெண்ட் என்று சொல்வது வேறு. அது பொதுவாக டைசல்ஃபைடு பிணைப்பை நம்பி வேலை செய்வதில்லை. கரைசலைத் தடவி, டிரையரில் காயவைத்து, 230 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிய ஸ்ட்ரெயிட்னரால் பல முறை இழுத்து, அதை முடியில் பதியவைப்பார்கள். அலை தளரும், பறட்டை குறையும், சில மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிப்போகும். முழு நேர் முடி கிடைக்காது. எனக்கு வேண்டியது இந்த வகைதான் என்பது தெளிவாயிற்று. ஆனால் நான் அதிகம் யோசித்ததும் இதைப் பற்றித்தான்.

காரணம் ஃபார்மால்டிஹைட். பெயரில் கெரட்டின் இருந்தாலும், இந்த வகையின் பழைய கலவைகளில் முடியைப் பிடித்து நிறுத்தும் வேலையைச் செய்வது ஃபார்மால்டிஹைட்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004இல் அதை முதல் வகுப்பில் வைத்தது. பாட்டிலில் அந்தப் பெயர் இருக்காமலும் போகலாம். மெதிலீன் கிளைக்கால், ஃபார்மலின், மெத்தேன்டயால் என்று எழுதியிருந்தால் சூடுபட்டதும் வெளிவரப் போவது அதே வாயுதான். "ஃபார்மால்டிஹைட் இல்லை" என்ற லேபிளோடு வந்த பொருளிலும் அது கணிசமாக இருந்ததை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத் தொழில் பாதுகாப்புத் துறை 2010இல் சோதனையில் கண்டுபிடித்தது.

அப்புறம் சந்தைக்கு வந்தது கிளையாக்ஸிலிக் அமிலம். இதையும் ஃபார்மால்டிஹைட் இல்லாதது என்றுதான் விற்கிறார்கள். அதைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த அமிலம் கலந்த கிரீமால் முடியை நேராக்கிக்கொண்ட ஒரு இளம்பெண்ணுக்கு, செய்த மூன்று முறையும் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டதை 2024இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்டது. தோல் வழியே உள்ளே போகும் அமிலம் உடலில் ஆக்ஸலேட்டாக மாறி, படிகங்களாகச் சிறுநீரகத்தில் படிகிறது என்பது அதை எழுதியவர்கள் தரும் விளக்கம். இது அபூர்வமான பாதிப்புதான். ஆனாலும் கிரீம் தலைத்தோலில் படக்கூடாது என்பதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இது ஒரு காரணம். செய்த பிறகு தலைத்தோல் எரிச்சலோடு வாந்தி, இடுப்பு வலி என்று வந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள், முடிக்கு என்ன போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். நேராக்கும் பொருள்களை ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தும் பெண்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 4.05 சதவீதம், பயன்படுத்தாதவர்களில் 1.64 சதவீதம் என்று 2022இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். இது ஒரு தொடர்பு. காரணம் இதுதான் என்று நிரூபித்த ஆய்வு இல்லை. இதைப் படித்த பிறகு நான் எடுத்த முடிவு, செய்தால் எப்போதாவது செய்வேன், வழக்கமாக வைத்துக்கொள்ள மாட்டேன் என்பது. கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், தலைத்தோலில் புண்ணோ சொரியாசிஸோ இருப்பவர்கள் தள்ளிப்போடுவதே சரி. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

முடியின் வரலாற்றை எழுதுங்கள்

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வளர்கிறது. அப்படியென்றால் 40 சென்டிமீட்டர் நீளமுள்ள முடியின் நுனிக்கு ஏறக்குறைய மூன்று வயது. மூன்று வருடங்களுக்கு முன் போட்ட டை, அடித்த ப்ளீச் எல்லாம் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. நமக்கு மறந்திருக்கும், முடிக்கு மறக்காது.

அதனால் ஒரு தாளில் நுனியிலிருந்து வேர் வரை எழுதுங்கள். எந்தக் காலத்தில் என்ன போட்டீர்கள், எங்கே போட்டீர்கள், எது பெட்டியில் வாங்கி வீட்டில் போட்டது, எது சலூனில் போட்டது, எல்லாம் வேண்டும். நரைக்காக வேரில் மட்டும் டை போடுபவர்கள் அதையும் எழுதுங்கள். நான் அந்த ரகம். மருதாணி போடுபவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டும். சுத்தமான மருதாணி இலைப்பொடி ஒரு மாதிரி, கருப்பு மருதாணி என்று விற்கும் கலவைகள் வேறு மாதிரி. அவற்றில் சிலவற்றில் உலோக உப்புகள் இருக்கும். பெராக்சைடு பட்டால் அவை சூடாகி முடியையே உருக்குலைக்கக் கூடும்.

மிக முக்கியமானது, முன்பு எப்போதாவது சோடியம் ஹைட்ராக்சைடு வகை ரிலாக்ஸர் (அதுவும் முடியை நேராக்கும் கிரீம்தான்) போட்டிருக்கிறீர்களா என்பது. அது பட்ட முடியின் மேல் ரீபாண்டிங் கிரீமில் இருக்கும் தயோகிளைகோலேட் போட்டால் முடி அறுந்து கையோடு வரும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. கண்டிஷனர் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எழுதி முடித்ததும் வீட்டிலேயே ஒரு சோதனை. உதிர்ந்த முடியில் நீளமான ஒன்றை நனைத்து, இரு விரல்களுக்கு நடுவே மெதுவாக இழுங்கள். நல்ல முடி ஈரத்தில் தன் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீண்டு, விட்டதும் திரும்பும். நீண்டது திரும்பாமல் தொய்ந்துபோனாலோ, இழுத்த உடனே பட்டென்று அறுந்தாலோ இப்போது எதுவும் செய்யாதீர்கள். நுனியை வெட்டி, சில மாதம் பேணிவிட்டுப் பிறகு யோசிக்கலாம்.

ஆளைத் தேடுவது

விளம்பரத்தில் வரும் முன்-பின் படங்களை நான் ஒரு கணக்காகவே எடுப்பதில்லை. ஸ்ட்ரெயிட்னர் போட்ட அடுத்த நிமிடம் எடுத்த படத்தில் எந்த முடியும் அழகாகத்தான் இருக்கும். எனக்குத் தெரிய வேண்டியது, சில வாரம் கழித்து வீட்டில் அலசிக் காயவிட்டபோது அது எப்படி இருந்தது என்பதுதான். "அப்படிப் படம் ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். தன் வாடிக்கையாளர்களைப் பின்தொடர்ந்து விசாரிக்கிற ஸ்டைலிஸ்டிடம் கட்டாயம் இருக்கும்.

அதைவிட நல்ல வழி, உங்கள் முடியைப் போலவே முடி உள்ள ஒருவரைப் பார்த்துக் கேட்பது. அலுவலகத்திலோ பிள்ளையின் பள்ளி வாசலிலோ பார்த்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள். மெல்லிய நேர் முடிக்காரரின் பரிந்துரை உங்களுக்கு உதவாது. அடர்த்தியான முடியில் வேலை செய்து பழகிய கை வேண்டும். நான் போய்ச் சேர்ந்த ஸ்டைலிஸ்ட் எனக்குக் கிடைத்தது இப்படித்தான். என்னைப் போலவே நெற்றியோரம் எழும்பும் முடி உள்ள ஒரு தோழி சொன்ன பெயர் அது.

போனில் நேரம் குறிக்கும்போதே, முதலில் பேச மட்டும் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். தலையைக் காட்டாமலே தொகை சொல்கிறவர்களை நான் அப்போதே விட்டுவிடுவேன்.

நேரில் போகும்போது முடியை ஸ்டைல் செய்யாமல், அதன் இயல்பில் கொண்டுபோங்கள். அங்கே நான் கவனித்தது ஒன்றே ஒன்றுதான்: யார் கேள்வி கேட்கிறார்கள்? ஒரு சலூனில் என் பின்னலை ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டு, "பண்ணிடலாம் மேடம், ஒண்ணும் ஆகாது, இன்னைக்கே உக்காருங்க" என்றார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். டை போட்டிருக்கிறேனா என்றுகூடக் கேட்கவில்லையே! தோழி சொன்ன பெண் அப்படி இல்லை. காய்ந்த முடியை விரல்களால் பிரித்து, வேரையும் நடுவையும் நுனியையும் தனித்தனியாகத் தொட்டுப் பார்த்தார். "கடைசியா எப்ப டை போட்டீங்க? வீட்லயா, பார்லர்லயா? இந்தப் பக்கம் மட்டும் ஏன் உடைஞ்சிருக்கு, இறுக்கிக் கட்டுவீங்களா?" என்று வரிசையாகக் கேட்டார். நான் எழுதிக்கொண்டு போன தாளை நீட்டியதும் உட்கார்ந்து முழுக்கப் படித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

நீங்கள் கேட்க வேண்டியவையும் உண்டு. என்ன பொருள் போடப் போகிறீர்கள், பாட்டிலைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பெயரைக் குறித்துக்கொண்டு வீட்டில் வந்து உள்ளடக்கத்தைத் தேடிப் படியுங்கள். பாட்டிலைக் காட்டத் தயங்குகிறவரிடம் தலையைக் கொடுக்காதீர்கள். வேறு டப்பாவில் ஊற்றி வைத்த கிரீம் என்றால் பேச்சே வேண்டாம். ஸ்ட்ரெயிட்னரை எத்தனை டிகிரியில் வைப்பீர்கள் என்றும் கேளுங்கள். "எல்லாருக்கும் 230தான்" என்ற பதில் எனக்குப் பிடிக்காது. டை போட்ட முடிக்கும் மெல்லிய முடிக்கும் அதைவிடக் குறைவான சூடு போதும். எவ்வளவு நாள் நிற்கும், எப்படிக் கழுவிப்போகும், பிடிக்காவிட்டால் என்ன செய்யலாம் என்பதற்கும் நேரான பதில் வர வேண்டும். முடியின் நீளத்துக்கும் அடர்த்திக்கும் ஏற்ப மொத்தத் தொகை எவ்வளவு, வெட்டுவதும் ஷாம்புவும் அதில் அடங்குமா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

முதல் வேலை சின்ன வேலை

ஒரு புதிய கையிடம் முதல் நாளே பெரிய கெமிக்கல் வேலையைக் கொடுக்க நான் ஒப்பமாட்டேன். நுனியை மட்டும் வெட்டி, அலசி, ப்ளோ ட்ரை செய்யச் சொல்லுங்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடும். சிக்கெடுக்கும்போது நுனியிலிருந்து மேலே வருகிறாரா, உச்சியிலிருந்து இழுக்கிறாரா? டிரையரை வேரிலிருந்து நுனி நோக்கிப் பிடிக்கிறாரா? முடியைச் சமமாகப் பகுதி பிரித்து கிளிப் போடுகிறாரா, அள்ளிப் பிடித்து அவசரமாக ஓட்டுகிறாரா? "ஒரு இஞ்ச் போதும்" என்று சொன்னால் ஒரு இஞ்சுதான் விழுகிறதா? நான்கு விரல் அளவு வெட்டிவிட்டு "நல்லா இருக்கும்" என்று சமாதானம் சொல்கிறவர் ஸ்மூத்தனிங்கிலும் உங்கள் பேச்சைக் கேட்கமாட்டார்.

அதே நாளில் ஸ்ட்ராண்ட் டெஸ்ட் கேளுங்கள். பின்கழுத்துக்கு மேலே, மற்ற முடி மூடிக்கொள்ளும் இடத்தில் ஒரு மெல்லிய கற்றையை எடுத்து, முழு ட்ரீட்மெண்ட்டையும் அதில் மட்டும் செய்து பார்ப்பது. இதைக் கேட்டதும் முகம் சுளிப்பவர் நமக்கு வேண்டாம். செய்த கற்றையை வீட்டில் சில முறை அலசிப் பாருங்கள். சொரசொரப்பாகிறதா, நிறம் வெளுக்கிறதா, இழுத்தால் அறுகிறதா, உங்களுக்கு வேண்டிய அளவு அடங்கியிருக்கிறதா? எனக்கு அந்தக் கற்றையில் டை நிறம் ஒரு படி வெளுத்தது. அதைப் பார்த்துவிட்டு ஸ்டைலிஸ்ட், அடுத்த முறை டை போடுவதை ட்ரீட்மெண்ட்டுக்குப் பின்னால் தள்ளிவைக்கச் சொன்னார். அலை இருந்தது, பறட்டை இல்லை. நான் கேட்டதும் அதைத்தான்.

காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 24 முதல் 48 மணி நேரம் பார்க்கும் பேட்ச் டெஸ்ட்டையும் விடாதீர்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அந்தப் பொருள் உங்களுக்கு இல்லை.

அந்த நாள்

மூன்று நான்கு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள். நீளமான அடர்ந்த முடி என்றால் இன்னும் கூட ஆகலாம். அவசரமாகக் கிளம்ப வேண்டிய நாளில் நேரம் குறிக்காதீர்கள், ஸ்டைலிஸ்டின் கை உங்கள் அவசரத்துக்கு ஓடும். கூட்டம் குறைந்த நாளின் முதல் நேரம் கிடைத்தால் மிக நல்லது.

எங்கே உட்காரவைக்கிறார்கள் என்று பாருங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும் அல்லது வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும். மூடிய ஏசி அறை இதற்கு ஏற்ற இடமே இல்லை. வாயு அதிகம் வெளிவருவது டிரையர் போடும்போதும் ஸ்ட்ரெயிட்னர் இழுக்கும்போதும்தான். கண் எரிந்தாலோ, தொண்டை கரகரத்தாலோ, மூச்சு இறுகினாலோ பொறுத்துக்கொண்டு உட்காராதீர்கள். "நிறுத்துங்க, அலசிடுங்க" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, காசு கொடுத்தாயிற்றே என்று பார்க்காதீர்கள். சாதாரணத் துணி மாஸ்க் இந்த வாயுவைத் தடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். நாள் முழுக்க அதே காற்றைச் சுவாசிக்கும் அந்தப் பெண்ணுக்கும் திறந்த ஜன்னல் அவசியம் என்பதால், இதைக் கேட்பதில் எனக்குத் தயக்கமே வருவதில்லை.

முதலில் ஆழமாகச் சுத்தம் செய்யும் ஷாம்பு போட்டு, முடியில் படிந்திருப்பதையெல்லாம் எடுப்பார்கள். பிறகு காயவைத்து, மெல்லிய பகுதிகளாகப் பிரித்து, வேரை விட்டு ஒரு விரல் அகலம் தள்ளி கிரீம் தடவ வேண்டும். இதை மட்டும் கண்ணாடியில் விடாமல் கவனியுங்கள். தலைத்தோலில் பட்டால் உடனே துடைக்கச் சொல்லுங்கள். குறித்த நேரத்துக்கு டைமர் வைக்கிறாரா என்றும் பாருங்கள். ஊறவைத்துவிட்டு வேறு தலையைப் பார்க்கப் போய் நேரம் தப்புவது பரபரப்பான சலூன்களில் நடக்கக் கூடியது. சூடான தட்டு ஒரு கற்றையில் எத்தனை முறை போக வேண்டும் என்பது பொருளையும் முடியையும் பொறுத்தது. நுனிக்கு வேரைவிடக் குறைவாகப் போதும், ஏனென்றால் அது பழைய முடி. பொசுங்கும் வாசனை வந்தால் வாய் திறந்து கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

சில கலவைகளை அன்றே அலசலாம், சிலவற்றுக்கு மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது. ஸ்டைலிஸ்டிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் படக்கூடாத வகை என்றால் அந்த நாள்களில் இறுக்கிக் கட்டுவதும், கிளிப் போடுவதும், காதுக்குப் பின்னால் செருகுவதும் கூடாது, மடிப்பு அப்படியே நின்றுவிடும். வியர்க்கும் உடற்பயிற்சியைத் தள்ளிவையுங்கள்.

அதற்குப் பிறகு சல்ஃபேட் இல்லாத ஷாம்பு. கடுமையான நுரை ட்ரீட்மெண்ட்டைச் சீக்கிரம் கழுவிவிடும். வாரத்துக்கு எத்தனை முறை அலசுகிறீர்களோ அதைப் பொறுத்துத்தான் அது நிற்கும் காலமும். நீச்சல் குளத்துக்குப் போகிறவர்கள் முடியை நல்ல தண்ணீரில் நனைத்து, கண்டிஷனர் தடவி, தொப்பி போட்டு இறங்குங்கள். டை போட வேண்டும் என்றால் இரண்டு வாரமாவது காத்திருங்கள்.

முதல் சில நாள் முடி தலையோடு ஒட்டினாற்போல் இருக்கும். பயப்பட வேண்டாம், சில முறை அலசிய பிறகு அளவு திரும்ப வரும். எனக்கும் அப்படித்தான், அலை மெதுவாக எட்டிப் பார்த்தது. ஆனால் நடுமுடியில் உடைந்த துண்டுகள் சீப்பில் நிறைய வந்தாலோ, தலைத்தோல் உரிந்தாலோ உடனே ஸ்டைலிஸ்டிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் தோல் மருத்துவரிடம் போங்கள். வேரோடு வரும் முடியும் நடுவில் அறுந்த துண்டும் வேறு வேறு. முதலாவதற்கு முனையில் சிறு வெள்ளைக் குமிழ் இருக்கும், அது வழக்கமான உதிர்வு. குமிழ் இல்லாத குட்டைத் துண்டுகள்தான் உடைப்பு.

திரும்ப எப்போது செய்வது என்று சலூனிலிருந்து செய்தி வரும். தேதியைப் பார்க்காமல் முடியைப் பாருங்கள். பறட்டை மறுபடி உங்களைத் தொல்லை செய்யும்வரை எந்த அவசரமும் இல்லை. ரீபாண்டிங் செய்தவர்கள் வளர்ந்த வேர்ப்பகுதிக்கு மட்டுமே அடுத்த முறை செய்ய வேண்டும். ஏற்கெனவே நேரான முடியில் மறுபடி அந்த கிரீம் படக்கூடாது.

பழைய ஸ்டைலிஸ்டிடம் என்ன சொல்வது?

பலருக்கு இதுதான் மனதில் பெரிய பாரம். வருடக்கணக்காகப் பழகியவரை விட்டு இன்னொருவரிடம் போவது துரோகம்போலத் தோன்றும். எனக்கு அந்தச் சங்கடம் குறைவு, அக்காவே வழிகாட்டினார். ஆனால் அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தாலும் நான் நேரில் சொல்லியிருப்பேன். "இந்த வேலைக்கு மட்டும் அங்க போறேங்க்கா, வெட்டுறது உங்ககிட்டதான்" என்றால் நல்ல கைத்தொழில்காரர் புரிந்துகொள்வார். முழுவதுமாக மாறுவது என்றாலும், சொல்லாமல் மறைவதைவிட "இவ்வளவு நாள் நல்லாப் பாத்துக்கிட்டீங்க, இனி வேற இடத்துல பண்ணிக்கப்போறேன்" என்று சொல்லிவிடுவது எல்லாருக்கும் நல்லது.

மாறலாமா என்று குழம்பினால் உங்களையே ஒன்று கேட்டுப்பாருங்கள். கடந்த சில முறை நீங்கள் சொன்னதை அவர் செய்தாரா? பிடிக்காததைச் சொன்னபோது கேட்டாரா? ஒருமுறை சரியாக வராததற்காக விலக வேண்டாம், சொல்லித் திருத்தக் கேளுங்கள். சொல்லியும் அதுவே திரும்பத் திரும்ப நடந்தால், பழக்கத்துக்காகத் தலையை நீட்டிக்கொண்டிருக்க அவசியம் இல்லை.

நான் இப்போது இருவரிடமும் போகிறேன். வெட்டுவது அக்காவிடம், ஸ்மூத்தனிங் அந்தப் பெண்ணிடம். போட்ட பொருளின் பெயர், தேதி, வைத்த சூடு எல்லாவற்றையும் அதே தாளில் சேர்த்து எழுதி இருவரிடமும் காட்டிவிடுகிறேன். அலை முடி ஈரத்தில் நீளமாகத் தெரியும், காய்ந்த பிறகுதான் அதன் உண்மையான நீளம் தெரியும் என்று பார்த்துவிட்டு, அக்கா இப்போதெல்லாம் என் முடியைக் காய்ந்த நிலையிலேயே வெட்டுகிறார்.